திருத்துவதா, மாற்றுவதா: புளியந்தீவில் ஒரு டீவிக் கணக்கு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு பஸ் நிலையத்தில், கட்டில் விரிப்பால் சுற்றிய டீவியை இரண்டு கையாலும் பிடித்தபடி யாராவது இறங்கினால், அது பழுதான டீவி என்று எல்லாருக்கும் தெரியும். புது டீவி அட்டைப்பெட்டியில்தான் போகும், அதுவும் எதிர்த்திசையில். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, ஏறாவூர், ஆரையம்பதி என்று நாலா பக்கமிருந்தும் இந்தச் சின்னத் தீவுக்கும் பாலத்துக்கு அப்பாலுள்ள கோட்டைமுனைக்கும் சனம் வந்து சேருவது பாதி சாமான் வாங்க, பாதி சாமான் திருத்த. கண்ணாடி முகப்பும் குளிரூட்டியும் தவணை அட்டையுமாக ஒரு கடை. சோல்டரிங் புகையும், அரைகுறையாகக் கழற்றிய பத்துப் பெட்டியும், ஒரு மேசை விசிறியுமாக இன்னொரு கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம் எடுக்கும் முடிவு எதன்மேல் நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே ஆராயப்படுவது.

ஊரில் இதற்குத் தயார் விடை ஒன்று உண்டு: திருத்தும் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு. உலகம் முழுக்கச் சொல்லப்படும் விதிதான். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை இல்லை. பழுது என்னவென்று தெரியாமல் பாதி எது, கால் எது என்று பேச முடியாது. பழுது தெரிந்த பிறகோ, அநேகமாக இந்த விதியே தேவைப்படாது. கெட்டுப்போனது பெனலா, பெனல் அல்லாத வேறொன்றா? அதைச் சரிசெய்யும் செலவு டொலரோடு ஏறுவதா, ரூபாய்க் கூலியில் அடங்குவதா? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் மட்டக்களப்பு வீட்டுக்காரருக்கு முக்கால்வாசி முடிவு கையில் வந்துவிடும்.

கேள்வியே புதியது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சி சேவையோடு கொழும்பு வட்டாரத்தில் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தபிறகுதான் அது நாடு தழுவியதாயிற்று. அந்நாளில் டீவி ஒரு சொத்து. ஒரு வீட்டில் இருந்தால் தெருவே அந்த வீட்டு விறாந்தையில் இருக்கும். வீடியோ டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்குப் பிடித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் போட்ட இரவுகள் நடுவயது தாண்டிய எவருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு பெட்டி பழுதானால் மாற்றுவது என்ற பேச்சே எழாது. யாரிடம் கொண்டுபோவது என்பது மட்டும்தான் பேச்சு.

போர்க்காலம் அதை இன்னும் இறுக்கியது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மின்கம்பி எட்டாத ஊர்கள் ஏராளம். அங்கே சிறிய கறுப்பு வெள்ளை டீவிகள் 12 வோல்ட் கார் பற்றரியில் ஓடின. பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் ஏற்றி வருவது ஒரு தனி வேலை. டீவியே படுத்துவிட்டால் மண்முனைப் ‘பாதை’யில் ஏற்ற வேண்டும். 2014 ஏப்ரலில் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்க அந்த மிதவைதான். மறுகரையில் இறக்கி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, பட்டினத்துக்குக் கொண்டுவந்து, உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருந்தார்கள். இறக்குமதி தட்டுப்பட்ட காலத்தில் பழைய பெட்டியின் பாகம்தான் இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுத்தது.

திருத்தியவர்கள் பெரும்பாலும் வானொலியில் கை பழகியவர்கள். பழைய குழாய் டீவி அவர்களுக்கு விளங்கும் பொருளாக இருந்தது. ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கையால் கழற்றலாம், மீட்டரால் அளக்கலாம், சுற்றுப்படம் அச்சில் கிடைக்கும். படம் சுருங்கினால் இந்தப் பக்கம், சத்தம் போனால் அந்தப் பக்கம் என்று நோய்க்குறியிலிருந்து பாகத்துக்கு நேர்வழி இருந்தது. ஆபத்தும் இருந்தது. வர்ணக் குழாயின் உள்ளே ஏறும் மின்னழுத்தம் 25,000 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் குழாய் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது தொழில் பழகுபவனுக்கு முதற்பாடம். மட்டக்களப்பில் கைத்தொழிலுக்கு முறையான கல்வி கொடுத்த நிறுவனங்களுள் யேசு சபையினரின் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் ஒன்று. புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பழக்கிய அமெரிக்கத் துறவி யூஜின் ஹெபர்ட் அடிகளார் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அவர் காணாமற்போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை. தொழில் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போவது இந்த ஊரில் சந்தையால் மட்டும் வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு தட்டை டீவி வந்தது. இதோடு ஒரு பெரிய கட்டுக்கதையும் வந்தது: ‘இதெல்லாம் திருத்த ஏலாது, பாவிச்சுட்டு எறியிற சாமான்.’ பாதிதான் உண்மை. எல்.ஈ.டி. டீவி என்று நாம் வாங்குவது உண்மையில் எல்.சி.டி. கண்ணாடி. அதற்குத் தானாக ஒளி இல்லை, பின்னாலிருந்து சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகள் ஒளி கொடுக்கின்றன. மூடியைக் கழற்றினால் உள்ளே முக்கியமாக இருப்பது ஐந்து சாமான்: மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்ட், மூளையான மெயின் போர்ட், படத்தைக் கண்ணாடிக்கு ஒழுங்குபடுத்தி அனுப்பும் டீ-கொன், விளக்குக் கீலங்களான பெக்லைட், கடைசியாகப் பெனல் என்ற அந்தக் கண்ணாடி. முதல் நான்கும் திருத்தக்கூடியவை, இல்லையேல் கழற்றி மாற்றக்கூடியவை. ஐந்தாவதுதான் வில்லன்.

நல்ல திருத்துனர் டீவியைத் தொடுமுன் வாயால் பாதி வேலையை முடித்துவிடுவார்.

“சத்தம் வருதா அம்மா?”

“சத்தம் வருது தம்பி. படந்தான் இல்ல.”

“போட்ட உடனே ஒருக்கா வெளிச்சம் வந்து அணையுதா?”

“ஓம் தம்பி. ஒரு செக்கன் வந்து போகுது.”

“விழுந்ததா? பிள்ளைகள் ஏதும் எறிஞ்சதா?”

“இல்ல தம்பி, கோயிலாணைக்கு இல்ல.”

மூன்று கேள்வி. விழவில்லை, சத்தம் வருகிறது, ஒளி மின்னி அணைகிறது என்றால் மெயின் போர்ட் உயிரோடிருக்கிறது, பெனலும் அநேகமாக நலம். போனது பெக்லைட். இதை வீட்டிலேயே உறுதிப்படுத்தலாம். அறையை இருட்டாக்கி, டீவியைப் போட்டு, கைப்பேசி டோர்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஒளிப்பொட்டைச் சுற்றி மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னொளிதான் இல்லை. புதுக் கடைக்குப் போகும் பயணத்தை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அந்தப் பழுதைத் திருத்தும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மடித்த கம்பளத்தின்மேல் டீவியைக் குப்புறக் கிடத்தி, முதுகு மூடியைக் கழற்றி, போர்ட்களின் நாடாக்களை விடுவிப்பார்கள். பிறகு திருப்பிப் போட்டு, சட்டத்தைக் கழற்றிப் பெனலைத் தூக்க வேண்டும். இதுதான் மூச்சைப் பிடிக்கும் இடம். ஒரு பக்க விளிம்பு முழுக்க மெல்லிய நாடாக்கள் தொங்கும், ஒன்று கிழிந்தாலும் கதை முடிந்தது. 32 அங்குலத்தை ஓர் ஆள் சமாளிப்பார். 43க்கு மேல் இரண்டு ஆள் வேண்டும், ஒரு மூலை முந்தித் தூக்கப்பட்டாலே கண்ணாடி நெளிந்து வெடிக்கும். பெனலை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தாள்களை எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் எடுத்து வைத்தால், அடியில் தகரத் தட்டில் கீலங்கள் தெரியும். ஒவ்வொரு விளக்கின் மேலும் கண்ணாடிக் குமிழ் போல ஒரு வில்லை. சோதனைக் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனால் ஒன்று பற்றாது. வில்லையைக் கழற்றினால் மஞ்சள் புள்ளியின் நடுவே ஊசிமுனை அளவு கறுப்பு. அந்தப் புள்ளிதான் வீட்டில் சீரியல் நின்றுபோனதற்குக் காரணம். விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தால் அந்தத் தொடர் முழுக்க இருட்டு. சுற்று அதை உணர்ந்து மற்றவற்றையும் அணைத்துவிடும்.

இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. எரிந்த ஒரு விளக்கை மட்டும் மாற்றலாம், மலிவு. கீலம் முழுவதையும் புதிதாகப் போடலாம், செலவு கூட. என் பக்கம் இரண்டாவது. ஒரே நாளில் எரியத் தொடங்கிய விளக்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் களைக்கும். இன்று ஒன்றை மாற்றினால் மூன்றாம் மாதம் அடுத்தது போகும், அதற்கும் பெனலை மறுபடி தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலும் ஒரு கண்டம். கீலத்தை மாற்றும்போதே மின்னோட்டத்தைச் சற்றுக் குறைத்துவிடச் சொல்லிக் கேட்பதும் நல்லது. திரை கொஞ்சம் மங்கும், ஆயுள் கூடும். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக ஒளியை உச்சத்தில் வைத்தபடியே டீவி வீட்டுக்கு வந்து, அப்படியே எரிந்து தீர்வது பல வீடுகளில் நடக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ப் பெக்லைட்டை மூன்றில் இரண்டு பங்காக இறக்கி வைப்பதற்குக் காசு தேவையில்லை.

பவர் போர்ட் பழுதுகள் இன்னும் எளியவை. சிவப்பு விளக்கே எரியாத டீவியில் முதலில் பார்ப்பது பியூஸ், பிறகு உச்சி வீங்கிய கெப்பாசிட்டர். சில்லறைக் காசுச் சாமான் அது. கூலிதான் செலவு. மெயின் போர்ட் போனால் அதே மொடலின் போர்ட் தேட வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் பெனல் வகை வேறாக இருந்தால் படம் தலைகீழாகவோ நிறம் பிறழ்ந்தோ வரும். திரையில் செங்குத்துக் கோடுகள், அல்லது பாதித் திரை வெளிறிப்போவது என்றால் பிரச்சினை பெனலின் விளிம்பு நாடாக்களின் ஒட்டில். முறையாக ஒட்ட வெப்பத்தோடு அழுத்தும் தனி இயந்திரம் வேண்டும், சிறு பட்டறையில் அது இருக்காது. டேப் ஒட்டி ஒரு பக்கச் சமிக்ஞையை நிறுத்தியோ, இறப்பர்த் துண்டு வைத்து அழுத்தம் கொடுத்தோ படத்தை மீட்கும் கைவேலை உண்டு. சில டீவியில் வருடக்கணக்கில் நிற்கும், சிலதில் வீடு போய்ச் சேருமுன் போய்விடும். “உத்தரவாதம் இல்லாமல் செய்து பார்க்கட்டா?” என்று கேட்டுச் செய்பவர் நேர்மையானவர். கேட்காமல் செய்து முழுக் கூலி வாங்குபவரைத் தவிர்க்கலாம்.

கண்ணாடி வெடித்தால் மாற்றுங்கள். இதில் எனக்குத் தயக்கமில்லை. பிள்ளை எறிந்த ரிமோட்டோ, முச்சக்கரவண்டிக் குலுக்கலோ, சுவரிலிருந்து கழன்ற ஆணியோ, காரணம் எதுவானாலும் உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. தனிப் பெனலின் விலை புது டீவி விலைக்கு மிக அருகில் வந்து நிற்கும். கூலியையும் வழியில் உடையும் அபாயத்தையும் சேர்த்தால் தாண்டியும் போகும். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. டீவியின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடிதான். உலகின் எல்.சி.டி. பெனல்களில் பெரும்பகுதி இன்று சீன ஆலைகளில் உருவாகிறது. சாம்சங் 2022இல் அந்த உற்பத்தியிலிருந்தே விலகியது. எல்.ஜி. தன் குவாங்சூ எல்.சி.டி. ஆலையை டி.சி.எல். குழுமத்துக்கு விற்றது. கொள்கலன் கணக்கில் முழு டீவியாக வரும் பொருளுக்கும், ஒற்றைக் கண்ணாடியாகப் பஞ்சு சுற்றிக் கொழும்புக்கும் அங்கிருந்து லொறியில் மட்டக்களப்புக்கும் வரும் பொருளுக்கும் செலவு ஒன்றாக இருக்க முடியாது.

பெனலை மாற்றாமல், மூலையில் சின்ன வெடிப்போடு பார்த்துக்கொண்டே இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கலாம். கறை பரவும் வேகத்தைப் பொறுத்து ஒரு மாதமோ ஒரு வருடமோ. செய்தி கேட்கவும் பாட்டுக் கேட்கவும் அது போதும் என்ற வீடுகளை நான் அறிவேன்.

மட்டக்களப்பில் டீவி எப்படிச் சாகிறது என்பதற்கும் ஒரு புவியியல் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் உப்பங்கழி. கல்லடியிலும் நாவலடியிலும் கடலைப் பார்த்த சுவரில் மாட்டிய டீவியைத் திறந்தால் ஆணித் தலைகள் துரு பிடித்திருக்கும், போர்ட்டின் செப்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்று மெதுவாகத்தான் கொல்லும், அடையாளமும் தெளிவாகவே விட்டுப்போகும். அப்படிப் பச்சை பூத்த போர்ட்டைத் தேய்த்து எடுத்து ஒரு தடத்தைப் பாலம் போட்டால், அடுத்த மழைக்கு இன்னொரு தடம் அறும். கடற்கரை வீட்டு டீவியில் போர்ட் முழுக்க அரிப்பு இருந்தால், செலவு சிறிதாகத் தெரிந்தாலும் நான் திருத்தச் சொல்லமாட்டேன். அதே பழுது கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் செங்கலடியிலிருந்து வந்த டீவியில் என்றால் சொல்வேன்.

வெள்ளத்துக்கும் இதே வேறுபாடு பொருந்தும். 2011 ஜனவரி வெள்ளம் மாவட்டத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தபோது வீட்டுக்குள் நின்றது மழைநீர். 2004 டிசம்பர் 26இல் வந்தது கடல்நீர். மழைநீரில் நனைந்த போர்ட்டை மின்சாரம் கொடுக்காமல் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, அல்கஹோலால் துடைத்து, நாட்கணக்கில் உலர வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு. கடல்நீர் பட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டிலும் டீவியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் அல்ல, ‘வேலை செய்யுதா’ என்று பார்க்க யாரோ அவசரமாகப் போட்ட சுவிட்ச்.

இடி மின்னல் தனி அத்தியாயம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பின்னேரம் இருண்டு வரும்போது, நம்மவர்கள் பிளக்கைக் கழற்றுகிறார்கள், அன்டெனா வயரையோ டிஷ் வயரையோ விட்டுவிடுகிறார்கள். அதன் வழியாக ஏறும் அதிர்ச்சி நேரே மெயின் போர்ட்டைச் சுடும். பழக்கத்தால் இன்னொரு வீண்செலவும் நடக்கிறது: குழாய் டீவிக் காலத்து ஸ்டெபிலைசரை எல்.ஈ.டி. டீவிக்கும் வாங்கி வைப்பது. இன்றைய டீவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளிக்கும் பவர் போர்ட் கொண்டவை. தேவை அதிர்ச்சித் தடுப்பு உள்ள நல்ல பிளக் பலகைதான். பல்லி, எறும்பு விடயத்தில் விஞ்ஞானம் கைவிரிக்கும். பவர் போர்ட்டின் கதகதப்பில் குடியிருக்க வந்த பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கால் வைத்து, தானும் கருகி டீவியையும் கருக்கிய சம்பவம் சொல்லாத திருத்துனர் மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

இனி டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன்பே, 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி கைப்பேசி, வீட்டு மின்சாதனங்கள் உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு முழுத் தொகையையும் முன்வைப்பாகக் கேட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. இவ்வளவும் புது டீவியின் விலையில் ஏறின. திருத்துனரின் கூலியோ அந்த வேகத்தில் ஏறவில்லை. ஏற்றினால் ஆள் வராது.

பாதி விலை விதி தடுமாறும் இடம் இதுதான். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நெருக்கடிக்கு முன் 30,000 ரூபாய்க்கு விற்ற டீவிக்குப் பெக்லைட் வேலை 6,000 என்றால் அது ஐந்தில் ஒன்று. டீவி 55,000 ஆகி, வேலை 8,000 ஆனால் ஏழில் ஒன்றுக்கும் சற்றே கூட. கைவேலை மிகுந்த பழுதுகள் எல்லாம் முன்னைவிடத் திருத்தத் தகுந்தவையாகிவிட்டன. பெனல் வெடிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் பெனலும் டொலர், புது டீவியும் டொலர். ஆகவே டொலர் ஏறினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பதும் சரியல்ல, மலிந்தால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்பதும் சரியல்ல.

‘புது விலை’ என்று நாம் சொல்வது எந்த விலை என்பதும் ஒரு கேள்வி. சிங்கர் நிறுவனம் 1877இல் தையல் இயந்திரத்தோடு இலங்கைக்கு வந்ததிலிருந்து தவணை முறை நம் வீடுகளுக்குப் பழகிய ஒன்று. காட்சிக் கூடத்தில் தொங்கும் விலைச்சீட்டு கைக்காசு விலை. தவணையில் எடுப்பவர் கடைசியில் கொடுத்து முடிப்பது அதைவிடக் கூட. ஒப்பிடுவதானால் திருத்தும் செலவை அந்தக் கடைசித் தொகையோடு ஒப்பிட வேண்டும். நுண்கடன் தவணைகள் இந்த மாவட்டத்துப் பெண்களை எப்படி வாட்டின என்பது ஊரறிந்த கதை. கிழமைக்கொரு தவணை ஏற்கெனவே ஓடும் வீட்டில், டீவிக்காக இன்னொன்றைத் தொடங்குவது பழுதைவிடப் பெரிய பழுது.

மாற்றுவதன் பக்கமும் நியாயங்கள் உண்டு, அவற்றில் மின்கட்டணம் வலுவானது. பழைய 21 அங்குலக் குழாய் டீவி 80 வோட் அளவில் இழுக்கும். 32 அங்குல எல்.ஈ.டி. 40 வோட் அளவில் ஓடும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 6 அலகு மிச்சம். 6 அலகுதானே என்று தோன்றும். ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகுக்கு மேல் போகும் வீட்டுக்குத் தனி அட்டவணை, அங்கே முதல் அலகுக்கே விலை வேறு. 63இல் நிற்கும் வீட்டை 57க்கு இறக்கினால் பட்டியலில் தெரியும். குழாய் டீவியின் படக்குழாய் மங்கிவிட்டால் புதுக் குழாயும் கிடைக்காது, உலகில் அந்த ஆலைகள் மூடி வருடங்கள் ஆகின்றன. அதோடு மல்லுக்கட்டுவது வீண். எல்.ஈ.டி.யிலிருந்து எல்.ஈ.டி.க்கு மாறுபவர்கள் இந்த மின்கட்டண நியாயத்தைச் சொல்வதில் பொருளில்லை. அதிலும் 32ஐ விட்டு 55க்குப் போகிறவர் கட்டணத்தைக் கூட்டிக்கொள்கிறார்.

ஸ்மார்ட் டீவி ஒரு புதுவிதச் சாவைக் கொண்டுவந்திருக்கிறது. உடம்பில் நோயில்லை, ஆனால் யூடியூப் திறக்கவில்லை. கம்பனி மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டது. இதற்காக டீவி மாற்றுவது சுத்த வீண்செலவு. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஒரு சின்னக் குச்சி போதும். டிஜிட்டல் ஒளிபரப்பு வரப்போகிறது, அதனால் இப்போதே மாற்றுங்கள் என்று விற்பவர் சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். இலங்கை 2014இல் ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தெரிந்தெடுத்தது. பத்து வருடம் கழிந்தும் அனலொக் ஓய்ந்தபாடில்லை. இந்தியாவிலும் வளைகுடாவிலும் இருப்பது டி.வி.பி. முறை. கட்டாரிலோ துபாயிலோ உழைத்து அங்கிருந்து டீவி கொண்டுவரும் பிள்ளைகள், அந்த டீவி நம் டிஜிட்டலை நேரே பிடிக்காது என்பதைத் தெரிந்திருந்தால் நல்லது. எதுவானாலும் டிஜிட்டல் வரும் நாளில் ஒரு பெட்டி வாங்கிப் பொருத்தினால் பழைய டீவியும் ஓடும்.

மாற்றிய டீவி எங்கே போகிறது? பெரும்பாலும் போத்தல், பழைய இரும்பு எடுப்பவரிடம். அவருக்கு வேண்டியது செம்பும் அலுமினியமும். மற்றது வெறும் வளவில் அல்லது வாவிக் கரையில். மட்டக்களப்பு நகரின் குப்பை திருப்பெருந்துறையில் மலையாகி, தீப்பற்றி, அக்கம்பக்கத்தவர் மூச்சு முட்டிப் போராடியதும் உண்டு. ஒரு குழாய் டீவியின் கண்ணாடியில் ஈயமே ஒன்றிரண்டு கிலோ இருக்கும். 1992 முதல் இலங்கை, அபாயக் கழிவு பற்றிய பாசல் உடன்படிக்கையில் ஓர் அங்கம். 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மின்னணுக் கழிவை அனுமதிப்பத்திரம் இன்றிக் கையாளக்கூடாத கழிவுகளின் பட்டியலில் சேர்த்தன. தாளில் எல்லாம் ஒழுங்கு. புளியந்தீவு வீட்டு வாசலுக்கு அது வந்து சேரவில்லை. உலக நிலையும் பெருமைப்படும்படி இல்லை: 2022இல் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது, முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம்.

ஆனால் சில நாடுகள் கேள்வியை வாங்குபவன் தலையில் மட்டும் கட்டாமல் தயாரிப்பவன் பக்கமும் திருப்பியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு டீவி மொடலின் விற்பனை முடிந்து குறைந்தது 7 வருடத்துக்கு முக்கிய உதிரிப்பாகங்களைத் திருத்துனர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். பிரான்ஸில் அதே வருடம் முதல் விலைச்சீட்டின் பக்கத்தில் ‘எவ்வளவு எளிதாகத் திருத்தலாம்’ என்று பத்துக்கு இத்தனை புள்ளி போட்டார்கள். ஒஸ்ரியாவில் 2022 முதல் திருத்தும் செலவில் பாதியை, 200 யூரோ வரை, அரசே கொடுத்தது. இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் உரிமைக்கென இணையத்தளம் ஒன்றைத் திறந்தது. நமக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. இறக்குமதியாளர் உதிரிப்பாகத்தை இத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும், சுற்றுப்படத்தைத் திருத்துனருக்குத் தர வேண்டும் என்ற ஒரு விதி அந்த வழியாக வந்தால், பட்டறையில் நடக்கும் பேச்சின் பாதி மாறிவிடும். இப்போது திருத்துனர் சுற்றுப்படம் தேடுவது யூடியூபில், ஹிந்தி பேசும் யாரோ ஒருவரின் விரலைப் பார்த்து. மொழி விளங்காது, விரல் விளங்கும்.

தொழில் பழக வரும் பிள்ளைகள் கைப்பேசிப் பக்கம் போய்விடுகிறார்கள். மஞ்சந்தொடுவாய்த் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்து வருபவரும் நாலு வருடத்தில் கட்டாருக்கு விண்ணப்பம் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. டீவி பார்க்கும் தொழிலில் மிகப் பெரிய உழைப்பு பழுதைக் கண்டுபிடிப்பது, அதற்குத்தான் யாரும் காசு கொடுப்பதில்லை. “பார்த்துச் சொல்லுங்க, செய்யிறதா இல்லையா எண்டு பிறகு சொல்றன்” என்று விட்டுப்போன டீவி மாதக்கணக்கில் அலமாரி மேல் கிடக்கும். பார்வைக் கூலி என்று ஒரு சிறு தொகையை முன்கூட்டியே வாங்கி, பழுதை எழுதிக் கையில் கொடுத்து, திருத்தினால் அதைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் எல்லாக் கடைக்கும் பொதுவாக வந்தால் இரு தரப்புக்கும் நல்லது. வீட்டுக்காரருக்கு முடிவெடுக்க ஒரு தாள் கிடைக்கும். திருத்துனருக்கு, உடைந்த பெனலைப் பார்த்து ‘இதை விட்டுவிடுங்கள் அம்மா’ என்று சொல்ல மனம் வரும், ஏனென்றால் அப்படிச் சொன்னாலும் அன்றைய உழைப்பு வீணாகாது.

அப்படி விட்ட டீவியையும் போத்தல் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம். கண்ணாடி வெடித்த டீவிக்குள் நல்ல பவர் போர்ட், நல்ல மெயின் போர்ட், நல்ல கீலங்கள், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன, கூடவே ரிமோட்டும். அதே மொடலில் மின்னல் அடித்த இன்னொரு டீவி காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒரு பட்டறையில் போர்ட்டுக்குக் காத்திருக்கலாம். முதுகுச் சீட்டிலுள்ள மொடல் எண்ணைப் படமெடுத்து இரண்டு மூன்று திருத்துனர்களுக்கு அனுப்பிக் கேளுங்கள். பழைய இரும்பு விலையைவிடக் கூடவே தருவார்கள், வந்தே எடுத்துக்கொண்டும் போவார்கள்.